என் தம்பியை மேடையில் சாகடித்தார்கள்

தில்லிக்காரர்கள் என் தம்பியிடம் எதையும் கேட்பதில்லை. அவனைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். அவன் பக்கத்திலேயே, நாற்பத்தாறு வயது ஆளாக, நரைத்த மீசையோடு, கையில் துணிப்பையோடு நின்றுகொண்டிருப்பான். கிட்வாய் நகர் பால் பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்து, "இன்கோ க்யா சாஹியே?" என்பார். இவருக்கு என்ன வேண்டும் என்று அர்த்தம். மரியாதையாகத்தான் கேட்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மீசை வைத்த ஒரு மனிதன் எதிரே நிற்கும்போது அவனிடமே கேட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும்? ஒருநாள் காய்கறி வண்டிக்காரர் என்னிடம், "பாய் சாப் போல்தே நஹீ?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். பேசமாட்டாரா என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போல்தே ஹைன். தமிழ் போல்தே ஹைன்" என்றேன், பேசுவார், தமிழ் பேசுவார் என்று. பாவம், அந்த மனிதர் தமிழ் என்பதை ஏதோ வியாதியின் பெயர் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முகம் வாடிப்போய், ஒரு கட்டுக் கொத்தமல்லியைச் சும்மாவே பையில் போட்டு, "டீக் ஹோ ஜாயேகா" என்றார். குணமாகிவிடுமாம்! வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் காபி லுங்கியில் கொட்டியது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்தக் கொத்தமல்லிக் கட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

தம்பியின் பெயர் மாடசாமி. எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். அவன் பிறந்ததிலிருந்தே வேறு மாதிரி. டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், அதெல்லாம் இங்கே எதற்கு. எழுத்து வராது, கணக்கு வராது. முன்பாதத்தை ஊன்றி எக்கி எக்கி நடப்பான். நடக்கும்போது இரண்டு கை விரல்களையும் நெஞ்சுக்கு முன்னால் பின்னிக்கொள்வான். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வான். யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்பிட்டாச்சா? சாப்பிட்டாச்சா?" என்பான். மனிதர்களிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று எங்கள் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியம் அது. அதற்கு யாராவது "ஆச்சு மாடசாமி" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்து அடுத்த ஆளிடம் போய்விடுவான். அதற்கு மேல் அவன் யாரிடமும் எதையும் எதிர்பார்த்ததில்லை.

ஊரில் அவனைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள் என்று கதைவிட மாட்டேன். ஊரில் அவனுக்குப் பட்டப்பெயர் 'சாப்பாட்டு மாடன்'. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வெட்டிப்பயல்கள் சுவரில் ஒட்டியிருக்கும் தேர்தல் போஸ்டரைக் காட்டி, "ஏல மாடா, தலைவர் பசியா இருக்காரு, கேளு" என்பார்கள். இவனும் போஸ்டரிடம் போய்க் கேட்பான். ஒரு தீபாவளிக்கு அவன் வேட்டி நுனியில் சரவெடியைக் கட்டிவிட்டார்கள். கட்டின பயலே அழுதுகொண்டு அவனைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்தத் தழும்பு இன்னும் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது. ஊர் அவனைப் படுத்தியது, ஆனால் அவன் மூஞ்சியைப் பார்த்துப் படுத்தியது. அம்மா போன பிறகு நான் அவனை இங்கே கூட்டிவந்தேன். இங்கே பட்டப்பெயர் இல்லை, வெடி இல்லை. அவன் மூஞ்சியைப் பார்க்கவும் ஆள் இல்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. பழைய வீடுகளை இடித்துக் கட்டிய உயரமான கட்டடம். லிஃப்டில் ஏறுகிற அத்தனை பேரிடமும் மாடசாமி, "சாப்பிட்டாச்சா? சாப்பிட்டாச்சா?" என்பான். எல்லோரும் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் வயதான பஞ்சாபி அம்மாள் மட்டும் தலையை ஆட்டுவார். பதில் கிடையாது. பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஆக, அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும் இடம் இந்தத் தில்லி மாநகரத்தில் ஒன்றே ஒன்றுதான். மாதத்துக்கொரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனித் தமிழர்கள் கூடும் இலக்கியக் கூட்டம். கிட்வாய் நகர், லக்ஷ்மிபாய் நகர், சரோஜினி நகர் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். யாராவது ஒருவர் வீட்டில் ஜமுக்காளம் விரித்து, ஒரு கதையை வாசித்து, அதைப் பற்றிச் சண்டை போட்டு, சுண்டல் தின்று கலைவோம். மாடசாமி வாசலில் நின்றுகொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பான். "ஆச்சுப்பா" என்பார் ஒருவர். "இன்னும் இல்ல மாடசாமி, உங்க அக்கா சுண்டலை நம்பித்தான் வந்தேன்" என்பார் இன்னொருவர். அன்றைக்கெல்லாம் அவனைக் கையில் பிடிக்க முடியாது. அடுத்த கூட்டம் எப்போது என்று மறுநாள் காலையிலேயே என் உயிரை எடுக்க ஆரம்பித்துவிடுவான். "யக்கா, கூட்டம் எப்போ? கூட்டம் எப்போ?"

நான் சின்ன வயதிலிருந்து கதைப் பைத்தியம். அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றைக் கவனித்தேன். நம் கதைகளில் மாடசாமி மாதிரி ஆட்கள் நிறைய வருகிறார்கள். ஆனால் யாரும் சும்மா வருவதில்லை. எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்திருப்பார்கள். ஒன்று, நாலு பேரைச் சிரிக்கவைக்க வேண்டும். இல்லை, வாயைத் திறந்தால் ஞானம் கொட்ட வேண்டும். அதுவும் இல்லையென்றால் கடைசிப் பக்கத்தில் செத்துப்போக வேண்டும். செத்தால்தான் மற்றவர்கள் திருந்துவார்கள். பல் தேய்த்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, தொலைக்காட்சியில் விளம்பரம் பார்த்துச் சிரித்து, வயதாகிற மாடசாமியை நான் ஒரு கதையிலும் பார்த்ததில்லை. ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். "நல்ல பாயிண்ட் மேடம்" என்று குறித்துக்கொண்டார் எங்கள் செயலாளர் சபேசன் சார்.

குறித்துக்கொண்ட மனிதர் அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்தார். தில்லியில் இருக்கும் ஒரு தமிழ் அக்கா, அவளுடைய புத்தி வளராத தம்பி. கேட்டவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. "உங்க வீட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்மா. மாடசாமிக்கு நான் பண்ற மரியாதை" என்றார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே கண்கலங்கிச் சொன்னார். நாடகத்தில் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. அக்கா கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தியாகம் செய்கிறாளாம். காலையில் எழுந்து எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்துக் காபி போடுகிற புருஷன் இருந்தால் தியாகத்துக்கு இடைஞ்சல்தானே! "என்னைக் கொன்னுட்டாரா, இல்ல டிரான்ஸ்ஃபரா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். முடிவு என்ன என்று சபேசன் சாரிடம் கேட்டேன். "மேடையில பாருங்க" என்றார்.

தம்பியாக நடிக்கப் பிரசன்னா என்ற பையன் வந்தான். குருகிராமில் விளம்பரக் கம்பெனியில் வேலை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. வசனத்தையெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தான். "அக்கா, நான் அண்ணாவ கொஞ்ச நாள் அப்சர்வ் பண்ணலாமா?" என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். மாடசாமியோடு உட்கார்ந்து சாப்பிடுவான். அவனோடு கீழே பூங்காவில் நடப்பான். அவன் கையைப் பின்னினால் இவனும் பின்னுவான். அவன் எக்கி நடந்தால் இவனும் எக்கி நடப்பான். மாடசாமி வாழ்க்கையில் அப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை. தன்னை மாதிரியே இன்னொருத்தன்! அவனுக்கு உலகமே நேராகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரியே சமையலறைக்கு வந்து தட்டு இரண்டை எடுத்துத் துடைத்து வைத்துவிடுவான். "பெரசன்னா வாரான்லா யக்கா? வாரான்லா?"

எனக்கும்தான் சந்தோஷம். பிரசன்னாவும் பாசமாகத்தான் இருந்தான், அதை மறைப்பானேன். மாடசாமியிடமிருந்து எங்கள் ஊர்த் தமிழைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, இன்னும் ஒரு தோசை போடுதியளா?" என்பான். ஒருநாள் மாடசாமியின் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காட்டி, "இத டிராமாக்கு எடுத்துக்கவா அண்ணா?" என்று கேட்டான். மாடசாமி யாருக்கும் எதையும் எளிதில் தரமாட்டான். போட்டிருந்த சட்டையை அங்கேயே கழற்றிக் கொடுத்தான்.

விழாவுக்கு முந்தின நாள் சபேசன் சார் போன் செய்தார். சுற்றி வளைத்து, வளைத்துச் சுற்றி, விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சீஃப் கெஸ்ட் பெரிய ஆள் வர்றார். மாடசாமிய நாளைக்கு ஒரு நாள் வீட்ல விட்டுட்டு வர முடியுமா? நடுவுல ஏதாவது சத்தம் போட்டுட்டா..."

"சார், நாடகம் யாரைப் பத்தி?"

"அது... அவரைப் பத்தித்தான். அதனாலதான் சொல்றேன்."

அதனாலதான் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அவனைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவனுக்குப் புதுச் சட்டை போட்டு, தலைவாரி, கடைசி வரிசையில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்காரவைத்தேன். வாசலிலேயே அவன் வேலையை ஆரம்பித்துவிட்டான். ஆனால் அன்றைக்கு எல்லோரும் பட்டுப்புடவையும் பரபரப்புமாக இருந்தார்கள். ஒருவரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

திரை விலகியது. நீலக் கட்டம் போட்ட சட்டையில் பிரசன்னா எக்கி எக்கி மேடைக்கு வந்தான். விரல்களைப் பின்னிக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா? சாப்பிட்டாச்சா?" என்றான். அரங்கம் சிரித்துக் குலுங்கியது. என் பக்கத்திலிருந்து மாடசாமி உரக்க, "ஆச்சு பெரசன்னா! ஆச்சு!" என்றான். அந்த அரங்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஒரே ஆள் அவன்தான். முன்வரிசைத் தலைகள் திரும்பின. "ஷ்ஷ்" என்றார்கள். மாடசாமியும் விரலை வாயில் வைத்து எல்லோருக்கும் "ஷ்ஷ்" என்றான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் தெரியுமா! என் கையைப் பிடித்துக்கொண்டு, மேடையில் தன் சட்டையைக் காட்டிக் காட்டிச் சிரித்தான்.

கடைசிக் காட்சியில் ரிங் ரோடு. ஒரு குழந்தை பந்தை எடுக்க ஓடுகிறது. தம்பி குறுக்கே பாய்கிறான். பஸ் பிரேக் சத்தம், சிவப்பு விளக்கு. எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. அட பாவி மனுஷா, கடைசியில் நீயும் அவனைக் கொன்றுவிட்டாயா! அக்காவாக நடித்த பெண் ஓடிவந்து அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். தம்பி திணறித் திணறி, "யக்கா... நீ... சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தான். அரங்கமே விம்மியது. ஆண்கள்கூடக் கைக்குட்டையை எடுத்தார்கள்.

மாடசாமி எழுந்துவிட்டான். நான் பிடிப்பதற்குள் நடுப்பாதையில் ஓடினான். "ஏ பெரசன்னா! எந்திரிலே! எந்திரிலே!" தொண்டை கிழிய அலறினான். "டாக்டரக் கூப்பிடுங்க! டாக்டரக் கூப்பிடுங்க!" பேட்ஜ் குத்திய இரண்டு வாலண்டியர்கள் பாய்ந்துவந்து அவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள். அவன் திமிறினான். புதுச் சட்டையின் தையல் விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எரிச்சலோடு திரும்பி, "யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்களேன், ஃபீலே போயிடுச்சு" என்றாள். மேடையில் கிடந்த பிரசன்னா அசையவில்லை. நல்ல நடிகன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்திருந்தால்கூடப் போதும், என் தம்பி அடங்கியிருப்பான்.

மடியில் கிடந்த பொய்த் தம்பிக்காக முந்நூறு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நிஜத் தம்பியைத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். கார்கள் நிறுத்தும் இடத்தில் அவனைத் தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். குடிக்கவில்லை. உள்ளே கைதட்டல் வெடித்தது. நிற்கவே இல்லை. மாடசாமி கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "செத்ததுக்குக் கை தட்டுதாவ யக்கா. கை தட்டுதாவ" என்றான். என் வீட்டுக்காரர் எந்த நேரமும் கிண்டல் பேசுகிற மனிதர், அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிரசன்னா அடுத்த ஞாயிறு வரவில்லை. மாடசாமி தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் போன் போட்டேன். "தம்பி, ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ. நீ செத்துப்போயிட்டேன்னு நினைக்கிறான்" என்றேன். "அய்யோ அக்கா, ஸோ ஸ்வீட்! கண்டிப்பா வரேன்க்கா, இந்த வீக் கொஞ்சம் டைட்" என்றான். எல்லா வாரமும் டைட். சட்டை மட்டும் சலவை செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கீழே வாட்ச்மேனிடம் வந்து சேர்ந்தது. மாடசாமியிடம் நீட்டினேன். பின்வாங்கினான். "செத்தவன் சட்டை. எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்." செத்துவிட்டான் என்றும் சொல்வான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு தட்டும் வைப்பான். நான் அதட்டினால் ஒழியச் சாப்பிடமாட்டான்.

சபேசன் சார் கூப்பிட்டார். "பெரிய வெற்றிம்மா! உங்க தம்பிக்கே நாடகத்தச் சமர்ப்பணம் பண்றேன்னு மேடையில சொன்னேனே, கேட்டீங்களா?" என்றார். "நாங்க அப்போ பார்க்கிங்ல இருந்தோம் சார்" என்றேன். பிறகு இன்னொன்றும் சொன்னார். மாதக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் மாடசாமியை அழைத்துவர வேண்டாமாம். அவனைப் பார்த்தால் எல்லோருக்கும் அந்தக் கடைசிக் காட்சி ஞாபகம் வந்து மனசு கஷ்டமாகிவிடுகிறதாம். கதையில் செத்தவன் சுண்டல் தின்றுகொண்டு எதிரே நின்றால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது! அதற்குப் பிறகு நானும் போகவில்லை. இலக்கியம் இனி எனக்கு என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறது?

காலனியில் நம் பிள்ளைகள் சில பேர் இருக்கிறார்கள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிறவர்கள். அவர்களுக்கு இப்போது ஒரு தமிழ் வாக்கியம் மணிமணியாக வருகிறது. மாடசாமியைப் பார்த்ததும் விரல்களைப் பின்னிக்கொண்டு, எக்கி எக்கி நடந்து, "சாப்பிட்டாச்சா? சாப்பிட்டாச்சா?" என்பார்கள். பிரசன்னாவின் குரல், பிரசன்னாவின் நடை. மாடசாமி முதல்நாள் ஆசையாக, "ஆச்சு! ஆச்சு!" என்றான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னிய விரல்களை மெல்லப் பிரித்து இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். என் தம்பி பைக்குள் கைவிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றோடு அவன் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. பால்காரரிடம் இல்லை, லிஃப்டில் இல்லை, என் வீட்டுக்காரரிடம்கூட இல்லை. எங்கள் அம்மா அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரே சொத்து. சங்கரன்கோவிலில் வெடி வைத்தவர்களால்கூட அதைப் பிடுங்க முடியவில்லை. தில்லியில் அழுது, கைதட்டி, பொன்னாடை போர்த்திப் பிடுங்கிக்கொண்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு லிஃப்டில் ஏறினோம். உள்ளே அந்தப் பஞ்சாபி அம்மாள். மாடசாமி பேண்ட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு மாடி எண்களைப் பார்த்தபடி நின்றான். அந்த அம்மாள் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இப்போதெல்லாம் இவர் ஏன் எதுவும் சொல்வதில்லை மகளே என்று ஹிந்தியில் கேட்டார். உங்கள் ஊரில் ராம் ராம் என்று வணக்கம் சொல்வது அப்படித்தான் என்று நினைத்திருந்தாராம். புருஷன் போன பிறகு இந்தக் கட்டடத்தில் தன்னைப் பார்த்ததும் முதலில் வாய் திறக்கிற ஆள் இவர் ஒருவர்தானாம். அவர் மாடசாமியின் பக்கம் திரும்பினார். என்னிடம் அல்ல, அவனிடம். அவன் முகத்தை நேராகப் பார்த்து, தெரியாத மொழியைத் தட்டுத்தடுமாறிக் கூட்டி, "சாப்... பிட்... டாச்சா?" என்றார்.

மாடசாமி அசையவில்லை. ஒன்பதாம் மாடி வந்தது. இறங்கினோம். எங்களுக்குப் பின்னால் கதவு மூடியது. வீட்டு வாசலில் நான் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் இன்னும் லிஃப்ட் பக்கமே நின்றுகொண்டிருந்தான். கைகள் பைக்குள் இருந்து வெளியே வந்திருந்தன. விரல்கள் நெஞ்சுக்கு முன்னால் பின்னிக்கிடந்தன. மூடிய இரும்புக் கதவுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக, "இன்னும் இல்ல" என்றான். "இன்னும் இல்ல."

லிஃப்ட் அதற்குள் பன்னிரண்டாம் மாடிக்குப் போய்விட்டிருந்தது.